அறுபது தப்படி

உப்பளங்களுக்கு நடுவில் ஒரு ஸ்டேஷன். அங்கே யாரும் இறங்குவதில்லை. பெட்டிகளை மாட்டிக் கழற்றும் பாயிண்ட்ஸ்மேன் சூசையா மட்டும் பதினோரு வருஷமாகக் கொடியோடு நின்றுகொண்டிருந்தான்.

ஒரு மத்தியானம், பெட்ரோலை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் டேங்கர் ரயில் வந்து நின்றது. எஞ்சினுக்கும் டேங்கர்களுக்கும் நடுவில் காவலாக ஒரு வெற்றுப் பெட்டி இருக்கவேண்டும் என்பது விதி. அந்தப் பெட்டியின் சக்கரம் சூடேறிவிட்டதால் கழற்றிவிட்டார்கள். மாற்றுப் பெட்டி வர மூன்று மணி நேரம் ஆகும்.

அதே ரயிலில் வந்த பெரிய அதிகாரி தாமோதரனுக்குப் பொறுக்கவில்லை.

"எஞ்சினை நேரா டேங்கர்ல மாட்டுடா."

"காலி டேங்கர்லயும் ஆவி நிக்கும் ஐயா. விதி விடாது."

"காலியில என்னடா தீப்பிடிக்கும்? மாட்டலேன்னா மனுஷவாடையே இல்லாத ஊருக்கு உன்னை மாத்திடுவேன்."

"அங்கதானே ஐயா இருக்கேன்."

டிரைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அதிகாரி முகம் கறுத்து, பிளாட்பாரத்தின் கோடிவரை நடந்துபோய் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். புகைத்து முடித்துத் திரும்பியபோதும் எஞ்சின் தனியாகவே நின்றது.

"இன்னும் மாட்டலையா?"

"மாட்டத்தான் போனேன். நீங்க சிகரெட் பத்தவைக்க அறுபது தப்படி நடந்தீங்க. காலி டேங்கருக்கு எதுக்கு அவ்வளவு தூரம்னு யோசிச்சு நின்னுட்டேன் ஐயா."

அதிகாரி போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். சூசையா வெகுநாளாகத் தொடாத இரண்டாவது டம்ளரைக் கழுவி, அவருக்கும் டீ கொடுத்தான்.

சாயங்காலம் மாற்றுப் பெட்டி வந்தது, ரயில் போனது. பெஞ்சில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்த சூடு ஆறும்வரை சூசையா அதன் பக்கத்திலேயே நின்றிருந்தான்.