பூகம்பத்தைப் பக்கத்து ஊருக்குத் தள்ளிவிட்ட கதை

மேலக்கரடு, நடுக்கரடு, கீழக்கரடு என்று மூன்று ஊருக்கும் ஒரே வாய்க்கால். தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். முதலில் மேலக்கரடு, பிறகு நடுக்கரடு, கடைசியாகக் கீழக்கரடு. கீழக்கரட்டுக்காரர்களுக்கு உலகத்தில் தெளிவாகத் தெரிந்த விஷயம் இது ஒன்றுதான். மற்றதிலெல்லாம் சுத்த சூனியம்.

ஒருநாள் நிலநடுக்கத்தை ஆராய்கிற அதிகாரி ஒருவர் கீழக்கரட்டுக்கு வந்து ஊரைக் கூட்டினார். மலையடிவாரத்தில் பூமிக்குள்ளே நீளமாக ஒரு வெடிப்பு ஓடுகிறது, பெரிய நடுக்கமெல்லாம் அதையொட்டித்தான் வருகிறது என்றார். தாத்தா காலத்தில் மேலக்கரட்டில் வந்தது, அப்பா காலத்தில் நடுக்கரட்டில் வந்தது, அடுத்தது கீழக்கரடாக இருக்கலாம், எதற்கும் தயாராக இருங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

நாட்டாமை ஒச்சப்பனுக்கு முகம் செத்துப்போனது. ஆசை ஆசையாக ஓட்டு வீடு ஒன்று கட்டிக்கொண்டிருந்தார், பால் காய்ச்சுவதுதான் பாக்கி. எல்லோரும் உட்கார்ந்து யோசித்தார்கள். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. அது வழக்கம்தான்.

கடைசியில் தவசி வாயைத் திறந்தார். ஊரிலேயே அதிகம் யோசிப்பவர் அவர், அதனால் ஊருக்கு அதிக நஷ்டம் வைத்தவரும் அவரே.

"மேல, நடு, கீழ. இது நம்ம வாய்க்கா வரிசையில்ல?"

"ஆமா."

"நமக்கு ஒரு நேரம் தண்ணி தோதுப்படலேன்னா என்ன செய்வோம்?"

"நடுக்கரட்டோட முறைய மாத்திக்கிருவோம்."

"பெறகென்ன?"

நடுக்கரட்டில் தண்ணீர் திறந்துவிடும் பொறுப்பு வெள்ளத்தாயியிடம் இருந்தது. பூகம்ப முறையை மாற்றிக்கொள்ளலாமா என்று இவர்கள் போய்ச் சொன்னதை அந்த அம்மாள் சிரிக்காமல் கேட்டதே பெரிய விஷயம். பூகம்பத்தை வாங்கிக்கொள்கிறேன், பதிலுக்கு இந்தக் கோடைத் தண்ணீர் முழுக்க எங்களுக்கு என்றாள். ஒச்சப்பன் கையடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். கீழக்கரட்டில் பயிர் கருகியது. வீடு நிற்கிறதே என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

கோடை கழிந்து புது வீட்டில் பால் பொங்குகிற நேரம், பூமி ஆடியது. சமையற்கட்டுச் சுவர் பொதுக்கென்று வெளிப்பக்கம் உட்கார்ந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் ஒச்சப்பனுக்குப் பயத்தில் உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தது, பூமி நின்ற பிறகும் அது நிற்கவில்லை.

மற்றவர்களுக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

"இது நடுக்கரட்டோடது. வாய்க்காத் தண்ணி மட மாறுற மாதிரி இங்க பாஞ்சிருச்சு," என்றார் தவசி.

அடுத்தவர் பொருளை வைத்துக்கொள்ளலாமா? விழுந்த சுவரை ஒரு செங்கல்கூட விடாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் வெள்ளத்தாயி வாசலில் கொட்டினார்கள்.

அவள் குவியலைச் சுற்றிவந்து பார்த்தாள். "செவுரு வந்துருச்சு, சரி. ஆட்டம் எங்க?"

அவர்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. நியாயமான கேள்வி. ஊருக்குத் திரும்பித் தரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், ஒரு பொட்டு ஆட்டம்கூட மிச்சமில்லை. அப்போதுதான் பல் தந்தியடிக்க உட்கார்ந்திருந்த நாட்டாமை கண்ணில் பட்டார்.

அவரைத் தூக்கி வண்டியில் வைத்து, மேடு பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டிக்கொண்டுபோய், செங்கல் குவியல்மேல் பதமாக இறக்கினார்கள்.

"சிந்தாமக் கொண்டாந்துட்டோம் ஆத்தா," என்றார் தவசி. "ஆட்டத்த எடுத்துக்கிட்டு ஆள மட்டும் திருப்பி அனுப்பிரு. செவுரு கட்ட ஆளு வேணும்."