வடிவு கடைசியாகச் சொன்னது

"அம்மா, நாலு வாரமா யாரும் படிக்க மாட்டேங்கிறாங்க. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது."

இப்படிச் சொல்லிக்கொண்டேதான் வீரபாகு ஆசிரமத்துக்குள் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அவருக்கு வயது அறுபத்திரண்டு. குரு நாச்சியாருக்கு முப்பத்தெட்டு. ஞானத்துக்கு யார் வயசு பார்க்கிறார்கள், விடுங்கள்.

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "எதைப் படிக்க மாட்டேங்கிறாங்க?"

"என் வடிவைப் பத்தி நெட்டுல எழுதறேனே, அதைத்தான்."

வடிவு அவர் மனைவி. போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது.

"முதல்ல நாலு பேர் படிச்சாங்க. அப்புறம் நாற்பதாயிரம் பேர். இப்ப நூறு பேர்கூட இல்லை. கண்ணு முழிச்சதும் போனைத்தான் பார்க்கிறேன்."

"படிக்கலைன்னா என்ன?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? வடிவை எல்லாரும் மறந்துடுவாங்களே!"

"நீங்க?"

"நல்லா இருக்கே! நான் மறப்பேனா?"

"சரி. கடைசியா அவங்க என்ன சொன்னாங்க?"

வீரபாகு யோசிக்கவே இல்லை.

"'நான் எங்கயும் போகலைங்க, உங்க எழுத்துலதான் இருப்பேன்'னு சொன்னா. பதினோராயிரம் பேர் அதுக்கு ஹார்ட் போட்டாங்க."

குரு கீரையைக் கீழே வைத்தார்.

"அப்பவே எழுத ஆரம்பிச்சிருந்தீங்களா?"



"இல்லை. அவ போன பிறகுதான் ஆரம்பிச்சேன். அது... படிக்கிறவங்களுக்காகச் சேர்த்தது."

"நிஜமா என்ன சொன்னாங்க?"

ஞாபகம் வரவில்லை. நெற்றியைத் தேய்த்துப் பார்த்தார். ஊஹூம்.

"முதல் பதிவுல எழுதியிருந்தேன் அம்மா. உள்ளது உள்ளபடி."

"எடுத்துப் பாருங்க."

"அழிச்சுட்டேன். லைக் வாங்காத பதிவெல்லாம் கிடந்தா பக்கம் வளராதுன்னு எவனோ சொன்னான். ஐயோ, நானே என் கையால அழிச்சுட்டேனே!"

தேம்பித் தேம்பி அழுதார். பார்க்கச் சகிக்கவில்லை.

குரு தேற்றவில்லை.

"கட்டில் எங்க கிடந்தது?"

"ஜன்னலோரம்."

"அன்னைக்கு என்ன சாப்பிட்டாங்க?"

"கஞ்சி. ரெண்டே வாய். நான்தான் ஊட்டினேன். துண்டால வாயைத் துடைச்சு விட்டேன். அப்ப என் சட்டையைப் பிடிச்சு இழுத்து..."

அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது அவருக்கு.

"ஞாபகம் வந்துடுச்சா? என்ன சொன்னாங்க?"

வீரபாகு போனை எடுத்தார். தன் பக்கத்தைத் திறந்தார். யாரெல்லாம் பார்க்கலாம் என்று அது கேட்டது. 'நான் மட்டும்' என்பதை அழுத்தினார். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்ட ஆரம்பித்தார்.

குரு மெல்ல எட்டிப் பார்த்தார்.

வீரபாகு சட்டென்று திரும்பி உட்கார்ந்து, உள்ளங்கையால் திரையை மறைத்துக்கொண்டார்.