வேங்கைப் பலகையில் இரண்டு வாளித் தண்ணீர்

மலைமேல் இருந்த அந்தத் தியானக் கூடத்துக்குத் தணிகாசலம் வந்து சேர்ந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. ஆவணியில் ஒரு நாள் காலை, எல்லோரும் எழுந்துபோன பிறகும் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க அண்ணா.”

கூடத்தின் குருவான மரகதவல்லி அம்மா அவரைவிட ஒன்பது வயது இளையவர். இங்கே வருவதற்கு முன் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார். தன்னைவிட மூத்த சீடர்களை அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் அவரை அம்மா என்பார்கள். புதிதாக வருபவர்களுக்கு இந்த முறை பிடிபடச் சில நாள் ஆகும்.

“கோபம் குறைஞ்சிருக்கு. ஆசையும் அடங்கியிருக்கு. எனக்குள்ள இன்னும் என்ன மிச்சம் இருக்குன்னு தேடிப் பாக்கறேன், தெரியலை.”

அம்மா சிமெண்டுத் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“ஐஸ் மாதிரி இருக்கு. பாதிப் பேருக்கு முட்டி வலி. மரத்தரை போட்டுடலாம். நீங்க பாத்துக்கறீங்களா?”

தான் கேட்டது அம்மாவின் காதில் சரியாக விழவில்லை என்று தணிகாசலம் நினைத்துக்கொண்டார்.

அங்கமுத்து ஆசாரி அடிவாரத்திலிருந்து வந்தார். தேக்கு, வேங்கை, ரப்பர் மரம் என்று மூன்று துண்டுகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார். தணிகாசலம் வேங்கையைத் தொட்டார். தேன் நிறத்தில் இருந்தது.

“நல்ல மரம். தேஞ்சாலும் அழகு. ஆனா தண்ணி பட்டா சாயம் விடும். சக்கரை நோய்க்கு வேங்கைக் குவளையில தண்ணி ஊத்தி வச்சுக் குடிப்பாங்களே, பாத்திருப்பீங்க. அந்தச் சாயம்தான்.”

“தண்ணி எதுக்குப் படப்போகுது?”

“படாம பாத்துக்கிட்டா சரி.”

பலகைகள் வந்து இறங்கியதும் தணிகாசலம் ஒவ்வொன்றாகப் புரட்டி, முடிச்சு உள்ளவற்றைத் தள்ளி வைத்தார். ஆசாரி பீடியைக் காதில் செருகிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார்.

“பொண்ணு பாக்கப் போனாக்கூட இப்படிப் புரட்ட மாட்டாங்க சார்.”

“முடிச்சு இருக்கறது வேண்டாம் ஆசாரி.”

“கிளை விட்ட இடம்தானே சார் முடிச்சு? கிளையே விடாம நிக்க அதென்ன லைட்டுக் கம்பமா?”

பலகைகளை உடனே தைக்க ஆசாரி சம்மதிக்கவில்லை. மூன்று வாரம் கூடத்திலேயே காற்றோட்டமாக அடுக்கி வைத்தார். இந்த மலைக்காற்றுக்கு மரம் பழக வேண்டும் என்றார். அப்புறம் ஒன்றுக்குள் ஒன்று செருகித் தைத்தார். சுவரோரம் ஒரு விரல் இடம் விட்டு, மேலே பட்டை அடித்து மறைத்தார். எண்ணெய் ஒரு கை பூசி முடித்துவிட்டு, அடுத்த கைக்கு ஒரு மாதம் கழித்து வருவதாகச் சொன்னார்.

“அதுவரைக்கும் தண்ணி ஆகாது. நம்ம ஆளுங்களுக்குத் தரைன்னா ரெண்டு வாளி ஊத்திக் கழுவினாத்தான் திருப்தி. இதுல அந்த வேலையே கூடாது. சேறு பட்டா காய விட்டுத் தட்டிடுங்க. அப்புறம் உலர்ந்த துணி. ரொம்ப அழுக்குன்னா நல்லா பிழிஞ்ச துணி. அவ்வளவுதான். வெட்டிட்டோம்ங்கறதுக்காக மரம் தண்ணி குடிக்கறதை நிறுத்திடாது சார். என் மாமனாரு மாதிரிதான். டாக்டர் கெடு வச்சாலும் கேக்காது.”

தணிகாசலம் சிரித்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் உலர்ந்த துணியால் கூடம் முழுவதையும் துடைத்தார். ஐப்பசி மழையில் சேற்றுக்காலோடு வந்தவர்களை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. சேறு காயும்வரை பொறுத்திருந்து தட்டித் துடைத்தார். ஒரு அக்கா காப்பியைக் கொட்டிவிட்டாள். அதையும் துணியால் ஒற்றி எடுத்து, “ஒண்ணுமில்லக்கா” என்றார்.

அடுத்த வாரம் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. மாசிலாமணி வந்தார். கீழ்ப்பாலத்துப் பக்கம் வீடு, ஐம்பது வயது இருக்கும். கூடத்துக்குப் பின்னால் இருந்த குழியின் கல்மூடியைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளிவிட்டு, மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்திக் குத்தி, மத்தியானத்துக்குள் அடைப்பை எடுத்துவிட்டார். மழை வலுத்தது. மூடியை வைத்துப் பூச வழியில்லை. குழியின்மேல் தகரத்தைப் போட்டுவிட்டு, குழாயடியில் நின்று சோப்புப் போட்டுக் குளித்தார். பையிலிருந்து வேறு வேட்டி எடுத்துக் கட்டிக்கொண்டார்.

“மாசிலாமணி அண்ணா, உள்ள வாங்க. சாப்பிட்டுப் போகலாம்” என்றார் அம்மா.

“இருக்கட்டும்மா. இங்கயே நின்னுக்கறேன்.”

“நின்னுக்கிட்டு சாப்பிட்டா எனக்குச் செரிக்காது. வாங்க.”

கூடத்தின் நடுவில் இலை போட்டார்கள். தணிகாசலமே மோர் ஊற்றினார். “இன்னும் கொஞ்சம் விட்டுக்கோங்க” என்றார். அவர் குரலில் எந்த வித்தியாசமும் இல்லை. மாசிலாமணி ஒரு பருக்கைகூடச் சிந்தாமல் சாப்பிட்டு, இலையைத் தானே எடுத்துக்கொண்டு எழுந்தார். மழை சற்றே விட்டதும் அம்மா குடையோடு அவரைச் சாலைவரை கொண்டுவிடப் போனார்.

தணிகாசலம் தனியாக நின்றார். மாசிலாமணி உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை. சேறு இல்லை, மோர்த்துளி இல்லை. வேட்டியின் ஈரம்கூடக் காய்ந்துகொண்டிருந்தது. காலில் சோப்பு வாசனையோடு வந்த மனிதர். அன்று காலையில் உள்ளே வந்த எல்லோரையும்விடச் சுத்தமாக வந்தவர் அவர்தான்.

தணிகாசலம் போய் வாளியில் தண்ணீர் பிடித்துவந்தார். ஊற்றினார். இன்னொரு வாளி. துடைப்பத்தால் தள்ளினார். கை தானாகவே வேலை செய்தது. பாதியில்தான், என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. ஓடிப்போய்த் தன் துண்டைக் கொண்டுவந்து ஒற்றி எடுத்தார். பலகை இடுக்குகளில் இறங்கியது இறங்கியதுதான்.

சின்ன வயதில், புழக்கடைக்கு வந்துபோன ஒருவருக்குப் பின்னால் தணிகாசலத்தைப் பெற்ற அம்மா இப்படித்தான் ஒரு குடம் ஊற்றுவாள். அதைச் சொல்லி அவர் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறார். கல்யாணப் பத்திரிகையில் சாதிப் பெயர் போடக் கூடாது என்று அப்பாவோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்திருக்கிறார். குடம் ஊற்றும்போது அம்மாவின் இடது கை முந்தானையை லேசாகத் தூக்கிப் பிடித்திருக்கும். குனிந்து பார்த்தார். அவருடைய இடது கை வேட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தது.

துண்டை மூன்று முறை துவைத்தார். பழுப்பு போகவில்லை. கொடியில் கடைசியாக, மற்றத் துணிகளுக்குப் பின்னால் காயப்போட்டார். மறுநாள் அது அவருடைய அலமாரியில் நன்றாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மடித்தது யார் என்று அவர் யாரையும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் பலகைகள் எழும்பின. நடுக்கூடத்தில் ஒரு பாய் அளவு இடத்தில் மட்டும் பலகைகளின் விளிம்புகள் தூக்கிக்கொண்டு, நடு குழிந்து, வரிவரியாக நின்றன. ஒரு பெரியவர் கால் இடறினார்.

“என்ன ஆச்சு அண்ணா?” என்றார் அம்மா.

“ஆசாரி ஈர மரத்தைக் குடுத்துட்டார் போலிருக்கு.”

சொன்ன பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று தெரிந்தது.

“அப்படியா? வரச் சொல்லுங்க.”

தொலைபேசியில் ஆசாரியிடமும் அதையே சொன்னார். இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இருந்தது. அதுதான் அன்று முழுவதும் அவரைக் குடைந்தது.

மறுநாள் மழை வெறித்திருந்தது. ஆசாரி வந்து, நடுக்கூடத்தில் மண்டியிட்டார். விரல்நுனியால் விளிம்பைத் தடவினார். இடுக்கில் மூக்கை வைத்து மோந்தார். அம்மா சுவரோரம் செய்தித்தாளை விரித்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“தண்ணி” என்றார் ஆசாரி.

“சாரல் அடிச்சிருக்கும்” என்றார் தணிகாசலம்.

“சாரல் ஜன்னலோரம்தானே சார் அடிக்கும்? நட்ட நடுவுல வந்து பாய் விரிச்சுப் படுக்குமா? ஈர மரம்னு போன்ல சொன்னீங்க. ஈர மரம்னா கூடம் பூரா இல்ல தூக்கணும்? இங்க எவனோ குளிச்சிருக்கான்.”

ஆசாரி எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார்.

“உங்களுக்கு இது ஒரு தரை. எனக்கு அப்படியில்ல சார். பள்ளிக்கூடத்து லைப்ரரிக்கு மரத்தரை போடறாங்க. அந்த இன்ஜினியர் நாளைக்கு இங்க வந்து என் வேலையைப் பாக்கறேன்னு சொல்லியிருக்காரு. இதைப் பாத்தா, ‘ஏய்யா, ஒரு மழைக்குத் தாங்கலையே உன் வேலை’ம்பாரு. மலைமேல நம்மளை அப்புறம் ஸ்டூல் செய்யக்கூட யாரும் கூப்பிட மாட்டாங்க.”

அம்மா அவரைக்காயின் நாரை உரித்தார். தலை நிமிரவில்லை.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. மாசிலாமணி, தோளில் அரை மூட்டை சிமெண்டோடு நின்றார்.

“அம்மா, வெயில் வந்துருச்சு. கல்லை வச்சுப் பூசிடறேன்.” சொல்லிக்கொண்டே உள்ளே பார்த்தவர் மூட்டையை இறக்கினார். “அடடே, இது நான் உக்காந்து சாப்பிட்ட இடமில்லீங்களா?”

வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார்.

“அன்னைக்கு வேட்டி கொஞ்சம் ஈரமாத்தான் இருந்துச்சு. புதுத் தரை... நான்தான் கெடுத்துட்டேன் போல. அப்பவே வெளிய நின்னிருக்கணும். அம்மா கூப்பிட்டாங்களேன்னு வந்தேன்.”

“ஏப்பா, நீ உக்காந்த ஈரத்துக்கு இவ்வளவு தூக்குமா?” என்றார் ஆசாரி. “நீ வேட்டிதானே கட்டியிருந்தே? ஆத்தைச் சுத்திக்கிட்டா வந்தே?”

“இல்லீங்க ஆசாரி. சொல்ல முடியாது. தப்பு என்னோடதுன்னா நானே வந்து என்ன வேலைன்னாலும் செஞ்சு குடுத்துடறேன். சார் மனசு கஷ்டப்படக் கூடாது. மோரெல்லாம் ஊத்தினாரு.”

தணிகாசலத்தின் தொண்டையில் ஒரு வாக்கியம் தயாராக வந்து நின்றது. ‘பரவாயில்லை மாசிலாமணி, விடுங்க.’ அவ்வளவுதான். ஆசாரியின் பெயர் பிழைத்துவிடும். அம்மா ஒன்றும் கேட்க மாட்டார். தான் பெருந்தன்மையானவன் என்ற பெயர்கூடக் கிடைக்கும். அந்த வாக்கியம் எவ்வளவு அழகாக, எவ்வளவு கனிவாக இருக்கிறது என்பதைக் கண்டபோது அவருக்கு உடம்பு கூசியது.

“நான்தான் தண்ணி ஊத்தினேன்” என்றார்.

ஆசாரி திரும்பிப் பார்த்தார். “எப்ப சார்?”

“இவர் சாப்பிட்டுப் போனப்புறம்.”

கத்தி காயை நறுக்கும் சத்தம் நின்றது. மாசிலாமணி வாசற்படிக்கு வெளியே நின்றபடி அந்த வரிவரியான இடத்தைப் பார்த்தார். பிறகு தணிகாசலத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று தணிகாசலம் காத்திருந்தார். வரவில்லை. தெரிந்த ஊருக்குத் திரும்பி வந்துவிட்டவர்போல் இருந்தது அந்த முகம்.

“எத்தனை சார்?”

“ரெண்டு வாளி.”

“எங்க ஊர்ல ஒண்ணுதான் ஊத்துவாங்க” என்றார் மாசிலாமணி.

மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கூடத்தின் பின்பக்கமாக நடந்தார்.

ஆசாரி பலகை விளிம்பை இன்னொரு முறை தடவினார். பிறகு, “நாளைக்கு இன்ஜினியர் கேட்டா இதைச் சொல்வீங்களா சார்?” என்றார்.

“சொல்றேன்.”

“எதுக்கு ஊத்தினீங்கன்னும் கேப்பாரு.”

“அதையும் சொல்றேன்.”

தணிகாசலம் எழும்பிய பலகைகளைக் காட்டினார். “ஆசாரி, இதை இப்பவே இழைச்சுச் சமமாக்கிடுங்க. இல்லைன்னா இந்தப் பலகைங்களைப் பேத்துட்டு வேற போடுங்க. ஓரமா வச்சோமே, அந்த முடிச்சுப் பலகையையே போடுங்க.”

“இப்ப இழைக்கக் கூடாது சார். வீங்கியிருக்கும்போது சீவினா, காஞ்சப்புறம் விளிம்பெல்லாம் கீழ போய் நடு மேடு தட்டிடும். அப்புறம் சரியே பண்ண முடியாது. பேக்கவும் வேண்டாம். நல்ல மரம். மேல ரெண்டு நாள்ல காஞ்ச மாதிரி தெரியும். அடியில இறங்கினது மெதுவாத்தான் போகும். தை, மாசி ஆகட்டும். முக்கால்வாசி தானா உக்காரும். மிச்சத்தை அப்ப வந்து பாக்கறேன்.”

“அதுவரைக்கும்?”

“நடக்கறவங்க காலுக்குத் தெரியும். வேற வழியில்ல.”

ஆசாரி சாமான் பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். தணிகாசலம் அந்த மேட்டின் அருகே உட்கார்ந்தார். அம்மா மறுபடியும் காய் நறுக்கத் தொடங்கினார்.

“நீங்க துண்டை மடிச்சப்பவே தெரிஞ்சுதா அம்மா?”

“வேங்கைச் சாயம்னு தெரிஞ்சுது.”

“ஏன் கேக்கலை?”

“கேட்டேனே அண்ணா. என்ன ஆச்சுன்னு.”

அவர் தலை குனிந்தார். பலகையின் எழும்பிய விளிம்பில் அவர் விரல் போய் நின்றது. கண்ணில் நீர் நிறைந்தது. அது மரத்தில் விழுந்துவிடக் கூடாது என்று மேல்துண்டால் அழுத்திக்கொண்டார்.

“ஆவணியில ஒண்ணு கேட்டேன் அம்மா, எனக்குள்ள என்ன மிச்சம்னு. இப்பத் தெரிஞ்சுபோச்சு. பதினோரு வருஷம் இங்க உக்காந்தும் நான் எங்க அம்மா விட்ட இடத்துலயேதான் நிக்கறேன். இந்தக் கூடத்துல உக்கார எனக்கு இனிமே யோக்கியதை இருக்கா? இந்த அவமானத்தை நான் என்ன பண்றது? சொல்லுங்க.”

கூடத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. கல் மண்ணில் உராய்ந்து, கொஞ்சம் நகர்ந்து, நின்றது. பெருமூச்சு. மறுபடியும் உராய்ந்தது. நின்றது.

அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

“அந்தக் கல் ஒரு ஆள் தூக்கற கல் இல்லை, அண்ணா.”