ஆடி மாதத்தில் வாங்கிய சம்மதம்

ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஓர் ஊரையே ஏமாற்றிவிட்டாயே, உன்னைத்தான் கேட்கிறேன், தொண்டையில் சோறு இறங்குகிறதா உனக்கு? பேரைச் சொல்லமாட்டேன். கதையைச் சொல்லுகிறேன். கேட்கிறவர்கள் ஆளைக் கண்டுபிடிக்கட்டும்.

அந்த ஒன்றியத்தில் சுற்றுப்பட்டு ஊர்க் குப்பை முழுக்கக் குளக்கரைகளில் எரிந்துகொண்டிருந்தது. அதற்கெல்லாம் சேர்த்து ஒரே கிடங்கு என்று முடிவானது. சுற்றுச்சூழல் பொறியாளர் ஹெப்சிபா வெயிலில் அலைந்து வடக்குப் பொட்டலைத் தேர்ந்தெடுத்தாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் வீடு கிடையாது. ஒரே சிக்கல், லாரி போக ரோடு இல்லை. ரோடு போட்டால் அது மாடக்கண்ணுவின் எலுமிச்சைத் தோப்பை நடுவில் அறுத்துக்கொண்டு போகும்.

மாடக்கண்ணு ஒன்றியக்குழு உறுப்பினன். சந்தையில் மூட்டை தூக்கினவன். ஏமாந்து ஏமாந்து பேரம் கற்றுக்கொண்டு, சொந்தமாகக் கமிஷன் கடை போட்டவன். அந்தத் தோப்பில் குடம் குடமாகச் சுமந்து ஊற்றி வளர்த்த மரங்கள். விடுவானா? கூட்டத்தில் எழுந்தான்.

“மேடம், பொட்டலுக்கு ரோடு போட்டா அதுல குப்பை மட்டுந்தான் போகும். ஊசிக்குளத்துக்குக் கிழக்க கரட்டடியில கிடங்க வையுங்க. அந்த ரோட்டுல பஸ்ஸும் போகும்லா? பாவம், அந்த ஊர்க்காரங்க பஸ்ஸைக் கல்யாண வீட்டுக்குப் போனாத்தான் பாக்காங்க!”

கூட்டம் சிரித்தது, கைதட்டியது. அவன் சொன்னதில் நியாயமும் இருந்தது. ஊசிக்குளத்தில் பிச்சிப்பூதான் பிழைப்பு. பெண்கள் இருட்டோடு மொட்டுப் பறித்து, மெயின்ரோடு வரைக்கும் நடந்து போவதற்குள் பாதி வாடிவிடும். ஊருக்குள் பஸ் வந்தால் அந்தப் பிழைப்பு நிமிரும்.

“கார்த்திகையில் ஒருதடவை வந்து பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்” என்றாள் ஹெப்சிபா.

“கார்த்திகையில மழை, ஜீப்பு சேத்துல உக்காந்துரும். இந்த ஆடியிலயே வாங்க.”

வந்தாள். கரட்டடியில், அந்தக் கல்லுக் குன்றின் அடிவாரத்தில், சில லாரிக் குப்பையைக் கொட்டிப் பார்த்தார்கள். மேல்காற்று ஊரிலிருந்து கரட்டுப் பக்கமாக, வேட்டியைப் பறித்துக்கொண்டு போகிற மாதிரி அடித்தது.

“நாத்தம் வருதாம்மா?” என்று ஹெப்சிபா கேட்டாள். “வரலையே” என்றார்கள் பெண்கள். வரவில்லைதான்.

“யாரு சொல்லுததையும் நம்பாதீங்க மேடம். நீங்களே மூச்ச இழுத்துப் பாருங்க” என்றான் மாடக்கண்ணு. இழுத்துப் பார்த்தாள். பிச்சிப்பூ மணந்தது.

ஊசிக்குளத்து ஊராட்சித் தலைவி இசக்கித்தாய் கரட்டைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். “அண்ணாச்சி, ஐப்பசியில காத்து…” என்று இழுத்தாள்.

“ஐப்பசியில பஸ்ஸு வந்துரும், தங்கச்சி.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஊர்ச் சம்மதம் எழுதப்பட்டது.

ரோடு போட்டு, சொன்னபடி ஐப்பசியில் பஸ் வந்தது. கிடங்கும் நிறைய ஆரம்பித்தது. காற்றும் திரும்பியது. கிழக்கிலிருந்து, கரட்டைத் தடவிக்கொண்டு, நேராக ஊருக்குள்.

கார்த்திகை பிறந்து ஒருநாள் மாடக்கண்ணு அதே பஸ்ஸில் போய் இறங்கினான். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் விசில் ஊதினான், அதெப்படி ஊதினானோ. இசக்கித்தாய் இலை போட்டுச் சோறு வைத்தாள்.

“சாப்பிடுங்க அண்ணாச்சி. ஈயை ஓட்டிக்கிட்டே சாப்பிடணும், பழகிரும்.”

அவனால் ஒரு கவளம் எடுக்க முடியவில்லை. அவள் முந்தானையால் மூக்கை அழுத்திக்கொண்டே பேசினாள். “யாவாரி பூவ மோந்து பாத்துட்டுத் திருப்பி விட்டுருதான். பஸ்ஸு மட்டும் சொன்ன நேரத்துக்கு வருது. வெறுங்கூடையோட போயிட்டு வாரோம்.”

“என்னை நாலு வார்த்தை ஏசு தாயி.”

“உங்கள எதுக்கு ஏசணும்? தெரிஞ்சே வாயப் பொத்துனது நானுல்லா.”

அவள் ஏசியிருந்தால் அவன் பதிலுக்குக் கத்தியிருப்பான், சண்டை போட்டிருப்பான், வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பான். அவள் ஏசவில்லை. திரும்புகிற வழியில் தோப்புக்குள் நின்றான். அங்கே சுத்தமான காற்று. அதை உள்ளே இழுக்கவே அவனுக்குக் கூசியது.

அடுத்த ஒன்றியக் கூட்டம். ஹெப்சிபா முதலில் எழுந்தாள். “தவறு என்னுடையது. ஒரு காற்றில் மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். என்மேல் நடவடிக்கை எடுங்கள்.”

பின்வரிசையிலிருந்து இசக்கித்தாய், “அந்தப் பிள்ளை வெளியூரு, அதுக்கு என்ன தெரியும்? குத்தம் எம்மேல. பஸ்ஸுக்கு ஆசைப்பட்டுப் பேசாம இருந்தேன்” என்றாள்.

ஒன்றியத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “கிடங்கை வடக்குப் பொட்டலுக்கே மாத்திரலாம். ஆனா ரோட்டுக்கு நிலம் வேணுமே. யாராவது மனசு வைக்கீங்களா?”

யாரும் மாடக்கண்ணுவைப் பார்க்கவில்லை. அவனும் தலையைத் தூக்கவில்லை.

இருவர் குற்றம் தன்னுடையது என்று போட்டி போடுகிறார்கள். மூன்றாமவன் வாயே திறக்கவில்லை. சொல்லுங்கள், இதில் செய்ததைச் சரிசெய்ய வேண்டியவர் யார்?

விடை: ஹெப்சிபா செய்தது கவனக்குறைவு. ஆனால் கார்த்திகையில் பார்க்கிறேன் என்று சொன்னவளும் அவள்தான். இசக்கித்தாய் பட்டது ஆசை. அதற்கான நாற்றத்தை அவளே தன் வீட்டில் அனுபவிக்கிறாள். காற்று திரும்பும் என்று தெரிந்து, அது திரும்புமுன் நாள் குறித்து, தன் தோப்பைக் காப்பாற்றிக்கொண்டு, எதையும் இழக்காமல் உட்கார்ந்திருப்பவன் ஒருவன்தான். பேசிய ஒவ்வொரு சொல்லும் உண்மை, குறித்த நாள்தான் பொய். பேரம் என்றால் நம் சரக்கை வைத்துப் பேசவேண்டும். அடுத்தவர் மூச்சை வைத்துப் பேசுவதற்குப் பேர் வேறு. இப்போதாவது எழுந்திரு. பஸ் ஊசிக்குளத்துக்கே ஓடட்டும், தோப்புக்கு ஈடாக அதைப் பிடுங்கப் பார்க்காதே. லாரி ரோட்டுக்குத் தோப்பை விடு. கூட்டம் கலைவதற்குள் கையைத் தூக்கு.