படகுகளுக்கு முன்னால் கிடந்த நிலம்

முத்தலைப்பட்டினத்து ராஜா மாறவேளுக்குத் திடீரென்று ஓர் ஆசை. கடலையும் கரையையும் ஆளத் தெரிந்த அதிகாரிகள் நாற்பது பேராவது தன்னிடம் வேண்டுமாம். சொல்லிக்கொடுக்கச் சீமையிலிருந்து ஒரு பண்டிதர் வந்து இறங்கினார். மூன்று மாதம் பாடம் நடந்தது. எங்கே? அரண்மனை மண்டபத்தில், விசிறிக் காற்றில்! நாற்பது பேரும் பிரதானி அனந்தய்யனின் மச்சான், மாமன் வகையறா. ஒருத்தன் காலிலும் மணல் ஒட்டவில்லை.

பாடம் முடிந்ததும் பல்லக்கில் போய்க் கரையைப் பார்த்தார்கள். பிரதானி மூச்சிரைக்கச் சபைக்கு வந்தார்.

“மகாராஜா, மீனவர்கள் படகையெல்லாம் தண்ணீரிலிருந்து இருநூறு அடி தள்ளி ஏற்றி வைத்திருக்கிறார்கள். முன்னால் அவ்வளவு நிலமும் சும்மா கிடக்கிறது. அங்கே கடலாட்சி மாளிகை கட்டிவிடலாம். பின்னால் இருக்கிற குடிசைகள்தான் நாறுகின்றன. காலி செய்துவிடலாம்.”

ராஜா தலையாட்டிவிட்டார். அரசவை விகடன் தாண்டவனுக்கு இது பொறுக்கவில்லை. அறுபது குடும்பம் எங்கே போகும்? நேரே கரைக்கு ஓடினான். அங்கே மீனவப் பெண் அஞ்சாலை வலை உதறிக்கொண்டிருந்தாள்.

“ஏன் ஆத்தா, படகை இவ்வளவு தூரம் இழுக்கிறீங்களே, வேற வேலை இல்லையா?”

“கேக்க வந்துட்டான் பாரு! அது கடலோட இடம்யா. ஐப்பசி அமாவாசைக்கு வந்து படுத்துக்கும். படகை அங்க வச்சா அள்ளிக்கிட்டுப் போயிடும்.”

தாண்டவன் சிரித்துக்கொண்டே அரண்மனைக்குத் திரும்பினான்.

“மகாராஜா, மாளிகைக்கு அடிக்கல் நாட்டும் கால்கோள் விருந்தை அந்த இடத்திலேயே வையுங்கள். நாற்பது பேருக்கும் பட்டமும் அங்கேயே கொடுத்துவிடலாம். ஐப்பசி வரப்போகிறது, நிறைந்த அமாவாசை! அதுவரை குடிசைகளைத் தொட வேண்டாம். விருந்துக்கு மீன் யார் பிடிப்பது?”

மீன் என்றதும் ராஜா சரி என்றார்.

அமாவாசையன்று காலை இலை போட்டார்கள். பாயசம் வந்தது. பின்னாலேயே கடலும் வந்தது. முதல் அலை இலைகளை வாரியது. அடுத்தது பிரதானியின் தலைப்பாகையை. பட்டம் வாங்க வந்த நாற்பது பேரும் ஐயோ அம்மா என்று ஓடிப்போய்ப் படகுகளில் தொற்றினார்கள். அங்கே பண்டிதர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ராஜாவை அஞ்சாலைதான் கையைப் பிடித்துத் தூக்கி ஏற்றினாள்.

“தாண்டவா! என்னடா இது கூத்து?”

“நிலத்துக்குச் சொந்தக்காரர் வந்திருக்கிறார், மகாராஜா. மாளிகை கட்ட அனுமதி கேளுங்கள்.”

ராஜா திகைத்தார். பிறகு படகே ஆடும்படி சிரித்தார். குடிசைகள் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று அங்கேயே சொன்னார். நாற்பது பேருக்கும் ஒரு வருஷம் படகு இழுக்கும் வேலை. வாத்தியார் அஞ்சாலை.

“உனக்குப் பரிசாக இந்த நிலத்தையே எடுத்துக்கொள்ளடா!”

“ஐயையோ, எனக்கு நீச்சல் தெரியாது!” என்றான் தாண்டவன். இடுப்பளவு தண்ணீரில் தலைப்பாகையைத் துழாவிக்கொண்டிருந்தவரைக் காட்டினான். “பிரதானிக்கே கொடுங்கள் மகாராஜா. இப்போதே குடியேறிவிட்டார்.”