வெறும் கல்

“ஊரே ஏமாத்துது மேடம். ஒரு டிரம்மாவது உருப்படியா இல்லை.”

அருளானந்தம் அண்ணாச்சிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. கொதிகலன் பக்கம் பாதி ஆயுசை ஓட்டிவிட்டு, பயோடீசல் ஆலையின் சோதனைக்கூடத்துக்கு இந்த மாதம்தான் வந்தார். வேலை கற்றுத்தரும் மெஹருன்னிசாவுக்கு அவர் மகள் வயது.

வேலை என்னவோ லேசுதான். பஜ்ஜிக் கடைகள் கழித்துவிட்ட எண்ணெய் வரும். மிளகளவு வைரக்கல்மேல் ஒரு சொட்டு விட்டால், கருவி அடியிலிருந்து அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சித் திரையில் கோடு போடும். குறிப்பிட்ட இடத்தில் மேடு தட்டினால் எண்ணெய் அமிலமேறிக் கெட்டுவிட்டது என்று அர்த்தம். டீசலுக்கு ஆகாது.

காலையிலிருந்து எல்லாவற்றிலும் மேடு.

“கடைசியா யாரோடது?”

“பேச்சித்தாய். கடை கடையா ஏறி எண்ணெய் சேர்க்கிற பொம்பளை. ஏற்கெனவே ரெண்டு தடவை நானே திருப்பினேன். இதுவும் போனா இனி கேட்டுக்குள்ள விடமாட்டாங்க. இதுவும் ஆகாதுன்னு இப்பத்தான் அவகிட்ட சொல்லிட்டு வந்தேன். பாவம்தான். அதுக்காக மேட்டை இல்லைன்னு சொல்ல முடியுமா?”

“முடியாது. கல்லைத் துடைச்சுட்டு இன்னொரு தடவை பாருங்க.”

துடைத்தார். சொட்டு விடப் போனார். அவள் எண்ணெய்ப் புட்டியை நகர்த்தி வைத்தாள்.

“எண்ணெய் வேண்டாம். சும்மா பாருங்க.”

“வெறும் கல்லையா?”

“வெறும் கல்லைத்தான்.”

இதென்ன கூத்து என்று நினைத்துக்கொண்டே பொத்தானை அமுக்கினார்.

திரையில் கோடு வந்தது. அதே இடத்தில் அதே மேடு.

“இது யாரு கொண்டுவந்த எண்ணெய், அண்ணாச்சி?”

அவர் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தார். காலையில் வந்த முதல் டிரம் நிஜமாகவே நாறியது. அதைத் துடைத்த அதே பஞ்சு. ஒவ்வொரு தடவையும் புதுப் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைக்க வேண்டும் என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். ஒரு சொட்டுக்கு ஒரு பஞ்சா, அநியாயம் என்று இவர்தான் சிக்கனம் பிடித்தார். பேச்சித்தாயைத் திருப்பிய முந்தைய இரண்டு தடவையும் இப்படித்தான், பழைய பஞ்சால் துடைத்தார். முகம் சுண்டிப்போயிற்று.

வெளியே பேச்சித்தாயின் லோடு ஆட்டோ உறுமியது.

“மேடம், அவ எண்ணெய் நல்ல எண்ணெய்தானா?”

“எனக்கெப்படித் தெரியும்?” அவள் புதுப் பஞ்சைக் கிள்ளி ஸ்பிரிட்டில் நனைத்தாள்.

அண்ணாச்சி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். கேட்டைத் தாண்டப்போன வண்டிக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றார்.

பேச்சித்தாய் தலையை வெளியே நீட்டினாள். “என் எண்ணெயில இன்னும் என்ன குறை கண்டீங்க, அண்ணாச்சி?”

“உன் எண்ணெயை நான் இன்னும் பார்க்கவே இல்லை, தாயி. வண்டியைத் திருப்பு.”