கொடி தெரியும் தூரம்

ஒற்றைப்பாறை மலையடிவாரத்தில் ஒரு சிறிய மடம் இருந்தது. அதை நடத்திவந்தவர் பெரியநாயகி அம்மை. நாற்பது வயதுக்கு மேல் சொல்ல முடியாது. அவருடைய சீடர்களில் மூத்தவர் ஆவுடையப்பன், லாரி ஓட்டி ஓய்ந்தவர், அறுபதைக் கடந்தவர். குருவை அவர் அம்மா என்பார். குரு அவரை அண்ணாச்சி என்பார். அவர்கள் இருவருக்கும் அது சரியாகவே இருந்தது. பார்க்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு வரும்.

ஆவுடையப்பனின் மனைவி செண்பகவல்லி இறந்து அன்றோடு ஒரு வருடம். மலை உச்சிக் கோயிலில் ஒரு விளக்குப் போட வேண்டும் என்று அந்த அம்மாள் ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த லோடு இறக்கிவிட்டுப் போவோம் என்று சொல்லியே இவர் காலத்தைக் கடத்திவிட்டார். அவள் படுக்கையில் கிடந்தபோது, உனக்காக நான் போய்ப் போட்டுவிட்டு வருகிறேன் என்று கையைப் பிடித்துச் சொன்னார். அந்த வாக்கோடும் ஒரு தூக்குவாளி நல்லெண்ணெயோடும் அன்று விடியற்காலையில் வந்து நின்றார். அம்மையும் கம்பை எடுத்துக்கொண்டு கூடக் கிளம்பினார்.

முதல் படியில் கால் வைக்கும்போது ஆவுடையப்பன் கேட்டார்.

"அம்மா, எனக்கு முழங்கால் அவ்வளவு சரியில்ல. இதுக்கு மேல முடியாதுன்னு ஒருத்தன் எப்படித் தெரிஞ்சுக்கிடுதது?"

"நடந்துகிட்டே பாப்போம் அண்ணாச்சி. செண்பகவல்லி அக்காவைப் பத்தி எதாவது சொல்லிக்கிட்டு வாங்க."

இவருக்கு அது போதும். வாய் திறந்தார். செண்பகவல்லி சில நாள் லாரியில் கூட வருவாளாம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இவருக்குக் கண்ணைச் சொருகும். அவள் தூங்காதீங்க என்று சொல்ல மாட்டாள். பேச்சுக் கொடுப்பாள். உங்க சித்தப்பா மகளை எந்த ஊர்ல கட்டிக் கொடுத்திருக்கு, நேத்துக் குழம்புல உப்பு எப்படி இருந்துது, இப்படி எதையாவது கேட்டுக்கொண்டே வருவாள். இவர் நீட்டி முழக்கிப் பதில் சொன்னால் விட்டுவிடுவாள். இவரிடமிருந்து "ம்" என்று மட்டும் வந்தால் போச்சு, சட்டையைப் பிடித்து இழுப்பாள்.

"வண்டியை ஓரங்கட்டுங்கன்னு சொல்லுவா. இந்தா ஊர் வந்துட்டு, பக்கந்தான்னு நான் சொல்லுவேன். ஊர் அங்கனதான் இருக்கும், நீங்க ஓரங்கட்டுங்கன்னு சொல்லுவா. புளியமரத்தடியில துண்டை விரிச்சுப் படுக்க வச்சுட்டுத்தான் விடுவா." சொல்லிவிட்டு ஆவுடையப்பன் சிரித்தார். கண்ணும் லேசாகக் கலங்கியிருந்தது. "போலீஸ்காரன் கையைக் காட்டினாக்கூட நான் யோசிப்பேன். அவளுக்கு மட்டும் உடனே பிரேக்கு."

அம்மையும் சிரித்தார். முதல் திருப்பம் வந்ததே தெரியவில்லை.

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. ஏறுகிறவர், இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டால், இறங்குகிறவர் "பக்கந்தான், இந்தா வந்துட்டு" என்பார். அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே கேட்டாலும் அதே பதில்தான். ஏறுகிறவர் மனம் தளர்ந்துவிடக் கூடாது என்று நல்லெண்ணத்தோடு சொல்லும் பொய். சாமி மலையில் அதற்குப் பாவம் கிடையாது என்று தீர்ப்பும் அவர்களே சொல்லிக்கொள்வார்கள். ஆவுடையப்பன் எதிரில் வந்த எல்லாரிடமும் கேட்டார். எல்லாரும் பக்கத்தில்தான் என்றார்கள்.

சுனைக்கரையில் உட்கார்ந்தபோது அம்மை கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார். பெண் பார்க்கப் போனதையும் மாமனார் முறைத்ததையும் இவர் சொன்னார். கதை நன்றாகத்தான் இருந்தது, முதல் கதையைவிடச் சின்னது. அதற்கு மேலே மூங்கில் காட்டில் நடக்கும்போது, பிள்ளை பிறந்ததைப் பற்றி அம்மை கேட்டார். "ஆஸ்பத்திரியிலதான் பொறந்தான்" என்றதோடு முடிந்தது. அம்மை நடையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

உச்சிக்கு முன்னால் ஒரு செங்குத்துப் பாறை. கால் வைக்கக் குழி வெட்டி, பிடித்துக்கொள்ளச் சங்கிலி போட்டிருப்பார்கள். அதன் அடியில் நின்று பார்த்தால் கோயில் கொடி தெரியும். பாறையிலிருந்து இறங்கிவந்த ஒருவர், இதில் ஏறிவிட்டால் கோயில்தான் என்றார். அன்று முழுவதும் கேட்டதில் அது ஒன்றுதான் உண்மை.

ஆவுடையப்பன் சங்கிலியைப் பிடித்தார். தூக்குவாளி பாறையில் இடித்து எண்ணெய் கொஞ்சம் சிந்தியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"அண்ணாச்சி, அக்கா கைக்கு எந்தக் குழம்பு நல்லா வரும்?"

"ம்."

அம்மை கீழே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தது. குருவிடம் அவர் அதுவரை கோபப்பட்டதே இல்லை. கொடி கண்ணுக்குத் தெரிகிறது, இங்கே வந்து உட்கார்ந்தால் எப்படி என்றார். ஒரு வருடமாகச் சுமக்கிற வாக்கு இது, ஊர்ந்தாவது போய்ச் சேருவேன் என்றார். அம்மை அவரைப் போகாதீர்கள் என்று தடுக்கவில்லை. வாருங்கள் என்று கூப்பிடவும் இல்லை.

"எந்தக் குழம்புன்னு கேட்டேன் அண்ணாச்சி."

"ம்" என்றார் அவர்.

இந்த முறை அது அவர் காதிலும் விழுந்தது.

சங்கிலியைப் பிடித்த கை அப்படியே நின்றது. அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். இரண்டு முழங்காலும் தனித்தனியாக நடுங்கிக்கொண்டிருந்தன. எவ்வளவு நேரமாக நடுங்குகின்றன என்று அவருக்கே தெரியவில்லை. முப்பது வருடம் தின்ற குழம்பின் பேரைத் தேடினார். அகப்படவில்லை. யாருக்காக ஏறுகிறாரோ அவளே எங்கோ பின்னால் நின்றுவிட்டிருந்தாள். மனுசன் அங்கேயே உட்கார்ந்து, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

நெடுநேரம் கழித்துத் தலையைத் தூக்கிக் கொடியைப் பார்த்தார்.

"அங்கனதான் இருக்கும்" என்றார்.

அம்மை நீட்டிய கம்பை ஊன்றி எழுந்து, வந்த வழியே திரும்பினார்.

உச்சியைத் தொட்டு வந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுடைய கதையை அவர்களே சொல்லிக்கொள்வார்கள். எனக்குப் பிடித்தது கொடி தெரிகிற இடத்தில் திரும்பிய இந்த மனிதரைத்தான். அதற்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது என்பது இறங்கும்போதுதான் தெரிந்தது. ஏறும்போது பொறுத்துக்கொண்ட முழங்கால் இறக்கத்தில் ஒவ்வொரு படிக்கும் அவரைப் படுத்தி எடுத்தது. இரண்டு இடத்தில் உட்கார்ந்தபடியே நகர்ந்தார். மூங்கில் காட்டில் அம்மையின் தோளைப் பிடித்துக்கொண்டார். எதிரில் ஏறி வந்த ஒருவர் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டபோது, "நிறையக் கெடக்கு, உக்காந்து உக்காந்து போங்க" என்று சொன்னார். அந்த மலையில் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

சுனைக்கரையில் தண்ணீர் குடித்து முகம் கழுவியதும் சட்டென்று திரும்பினார்.

"வத்தக்குழம்பும்மா. சுண்டைக்காய் போட்டு. மூணு நாள் வச்சுச் சாப்பிடலாம்."

"அதான பாத்தேன்" என்றார் அம்மை.

வெயில் தாழும் நேரத்தில் முதல் திருப்பத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கீழே மடத்துக் கூரை தெரிந்தது. ஆவுடையப்பன் தூக்குவாளியைத் திறந்து பார்த்தார். முக்கால்வாசி எண்ணெய் அப்படியே இருந்தது. கால் தேறட்டும், ஐப்பசிக்கு அப்புறம் மெதுவாக வரலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும் ஒன்று மட்டும் அவருக்கு ஆறவில்லை.

"அம்மா, அந்தப் பாறையில ஏறியிருந்தா என்னால இறங்கியிருக்க முடியாது. உங்களுக்கு அது முன்னாலயே தெரிஞ்சிருக்கு. போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தியிருக்கலாமே?"

அம்மை தூக்குவாளியை வாங்கி மூடியை அழுத்தி மூடினார்.

"நான் சொல்லியிருந்தா நீங்க ஏறியிருப்பீங்க அண்ணாச்சி. அக்கா சொன்னாத்தான ஓரங்கட்டுவீங்க?"